நிர்வாக நலன் கருதி

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இந்த மூன்று சொற்களும் பழக்கமானவை. எங்கள் காலத்தில் ஆணைகள் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் சொன்னால், "நிர்வாக நலன் கருதி கீழ்க்கண்டவர் உடனடியாகப் பணிமாறுதல் செய்யப்படுகிறார்" என்று ஆரம்பிக்கும். நான் தட்டச்சு செய்த ஆணைகளில் இந்த வாசகம் எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்கே இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் மறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. எங்கள் பிரிவில் ஒரு கணக்கர் இருந்தார். ஒரு வேலைக்கான மஸ்டர் ரோலைப் பார்த்துவிட்டு, வேறு வேறு பெயர்களுக்கு நேரே இருக்கும் கைநாட்டுகள் ஒரே ஆளுடையவை போலத் தெரிகின்றன, பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டும் என்று கோப்பில் நாலு வரி குறிப்பு எழுதினார். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஒன்பதாம் நாள் அவருக்கு ஏனாமுக்கு மாறுதல். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், காக்கிநாடா பக்கம், தெலுங்கு பேசும் ஊர். அவர் பெண் அந்த வருடம் பிளஸ் டூ.

அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வந்தவர் இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இதுல ஒரு வரிகூட பொய் இல்ல. அதுதான் கஷ்டம். இதை எதிர்த்து நான் என்னன்னு எழுதறது?"

அவர் சொன்னது எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பழைய சரித்திரத்தைத் திரும்பவும் படித்தபோதுதான் புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சரித்திரத்தைப் பற்றியது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் த்ரேஃபுஸ் வழக்கைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் டிரைஃபஸ் என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் காப்டனாக இருந்த யூதர் ஆல்ஃப்ரெத் த்ரேஃபுஸ், ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்று 1894 டிசம்பரில் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். 1895 ஜனவரி 5 அன்று பாரிஸில் எல்லோர் முன்னிலையிலும் அவர் சட்டையிலிருந்த பதவிச் சின்னங்களைப் பிய்த்து, வாளை ஒடித்தார்கள். பிறகு தென் அமெரிக்கக் கரையில் 'பிசாசுத் தீவு' என்ற இடத்தில் தனியாக அடைத்தார்கள். எமில் ஸோலா பத்திரிகையில் எழுதிய கடிதத்தால் நாடே இரண்டாகப் பிரிந்தது. எங்கள் முசே இதையெல்லாம் கண்கலங்கச் சொல்லுவார். ஆனால் முதலில் உண்மையைக் கண்டுபிடித்த ஒரு அரசு ஊழியரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர் ழோர்ழ் பிக்கார்.

பிக்கார் 1854-ல் ஸ்திராஸ்பூரில் பிறந்தவர். ராணுவத்தில் வேகமாக மேலே வந்தவர். 1894-ல் அந்த வழக்கு நடந்தபோது மேலதிகாரிகளுக்குத் தகவல் சொல்வதற்காக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். த்ரேஃபுஸ் குற்றவாளிதான் என்று அப்போது நம்பியவர். யூதர்கள் மேல் தனி அபிமானம் எதுவும் அவருக்குக் கிடையாது. அந்தக் காலத்து வெறுப்பு அவரிடமும் கொஞ்சம் இருந்தது என்றே சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேண்டியவருக்காகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

1895 ஜூலையில் ராணுவ உளவுப் பிரிவுக்கு அவர் தலைவரானார். அந்தப் பிரிவுக்குக் 'புள்ளிவிவரப் பிரிவு' என்று பெயர் வைத்திருந்தார்கள்! பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண்மணி, குப்பைத் தொட்டிக் காகிதங்களை இந்தப் பிரிவுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். 1896 மார்ச்சில் வந்த குப்பையில், துண்டு துண்டாகக் கிழித்த ஒரு நீலநிற அஞ்சல் அட்டை இருந்தது. ஒட்டிப் பார்த்தால், எஸ்தெராசி என்ற ஒரு பிரெஞ்சு மேஜரின் விலாசம். இன்னொரு துரோகியா என்று பிக்கார் விசாரிக்க ஆரம்பித்தார். ஆகஸ்டில் அந்த மேஜர் கைப்பட எழுதிய மனுக்கள் அவர் கைக்கு வந்தன. த்ரேஃபுஸைத் தண்டிக்க ஆதாரமாக இருந்த காகிதத்தின் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்த்தார். ஒரே கையெழுத்து.

பிறகு அவர் செய்தது ஒரு நல்ல குமாஸ்தாவின் வேலை. பழைய ரகசியக் கோப்பை வரவழைத்துப் படித்தார். 1894-ல் அந்தக் கோப்பைக் குற்றவாளிக்கும் காட்டாமல், அவருடைய வக்கீலுக்கும் காட்டாமல், நீதிபதிகளின் அறைக்கு மட்டும் அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் த்ரேஃபுஸுக்கு எதிராக உருப்படியாக ஒன்றுமே இல்லை.

முறைப்படி மேலதிகாரிகளிடம் போனார். பத்திரிகைக்குப் போகவில்லை, எதிர்க்கட்சிக்காரர்களிடமும் போகவில்லை. இரண்டையும் சேர்க்காதே, அது வேறு விவகாரம், இது வேறு விவகாரம் என்றார் துணைத் தளபதி கோன்ஸ். செப்டம்பர் 15 அன்று நடந்த பேச்சை பிக்கார் பின்னால் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உனக்கு என்ன என்று கேட்டாராம் கோன்ஸ். நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாராம். இந்த ரகசியத்தோடு நான் குழிக்குள் போகமாட்டேன் என்று பிக்கார் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம்தான். நவம்பர் நடுவில் ஆணை வந்தது. பதவி இறக்கம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. கிழக்கு எல்லையில் உளவு வேலைகளைப் பார்வையிட்டு வரவேண்டும் என்ற மரியாதையான பணி. அது முடிவதற்குள் இன்னொரு ஊர். பிறகு இன்னொன்று. கடைசியில் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவில் துனீசியா, சூஸ் என்ற ஊரில் ஒரு படைப்பிரிவு. அதுதான் அவருடைய ஏனாம். அங்கிருந்து இன்னும் தெற்கே, ஆபத்தான எல்லைப் பக்கம் போகச் சொல்லியும் உத்தரவு வந்தது. காபெஸ் ஊருக்கு அப்பால் போகவேண்டாம் என்று அங்கிருந்த தளபதியே தடுத்துவிட்டார்.

இதற்கிடையில் பாரிஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மேஜர் ஆன்ரி சும்மா இருக்கவில்லை. பிக்காருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்தார். த்ரேஃபுஸுக்கு எதிராகப் புதிதாக ஒரு ஆதாரத்தைத் தானே தயாரித்துக் கோப்பில் செருகினார். பிக்கார் சதிகாரர்களோடு சேர்ந்தவர் என்று காட்டுவதற்காக அவர் பெயருக்குப் பொய்த் தந்திகளும் பறந்தன.

உயிருக்கே ஆபத்து என்று பயந்த பிக்கார், 1897-ல் நடந்ததையெல்லாம் எழுதி, தான் இறந்தால் குடியரசுத் தலைவரிடம் சேர்க்கும்படி ஏற்பாடு செய்தார். ஜூனில் விடுப்பில் வந்தபோது வக்கீலான நண்பர் லெப்லுவாவிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த ஒன்றைத்தான் அவருக்கு எதிராகப் பிடித்துக்கொண்டார்கள். அலுவலக ரகசியத்தை வெளியாளிடம் சொன்னார் என்று குற்றம். மேலதிகாரிகள் அவர் சொன்னதைக் கேட்டார்களா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. நம் நடத்தை விதிகளில், 1964-ஆம் வருட மத்திய அரசு விதிகளின் 11-வது விதி, அனுமதி இல்லாமல் தகவல் கொடுக்கக் கூடாது என்கிறது. அதை நினைத்துக்கொண்டேன். அந்த விதி தேவைதான். ஆனால் உள்ளே எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போது அந்த விதி யாருக்குக் காவல் நிற்கிறது என்பதே கேள்வி.

1898 ஜனவரி 11 அன்று எஸ்தெராசி குற்றமற்றவர் என்று விடுதலை. 13 அன்று ஸோலாவின் கடிதம் 'லோரோர்' பத்திரிகையில் வந்தது. அதே நாளில் பிக்கார் கைதாகி மோன் வலேரியன் கோட்டையில் அடைக்கப்பட்டார். பிப்ரவரியில் ராணுவத்தை விட்டே நீக்கினார்கள்.

ஜூலையில் போர் மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து, த்ரேஃபுஸ் குற்றவாளி என்பதற்கு ஆதாரம் என்று மூன்று காகிதங்களைப் படித்துக் காட்டினார். கைதட்டல். அந்தப் பேச்சை ஊர் ஊராக ஒட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். வேலை போன பிக்கார் பிரதம மந்திரிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்: இரண்டு காகிதங்கள் த்ரேஃபுஸைப் பற்றியவையே அல்ல, மூன்றாவது போலி. பலன், ஜூலை 13 அன்று மறுபடியும் கைது. ஆனால் ஒரே மாதத்தில் அந்த மந்திரியின் அலுவலகத்து அதிகாரி ஒருவரே, விளக்கு வெளிச்சத்தில் அந்த மூன்றாவது காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வெவ்வேறு தாள்களை ஒட்டியிருந்தது. தாளிலிருந்த கட்டங்களின் கோடுகள் ஒரே நிறமாக இல்லை. ஆகஸ்டு 30 அன்று ஆன்ரி ஒப்புக்கொண்டார், மறுநாள் சிறையிலேயே கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார்.

அப்போதாவது பிக்காரை விட்டார்களா? இல்லை. அந்த நீல அட்டையைத் தயாரித்ததே அவர்தான் என்று புது வழக்குப் போட்டு ராணுவச் சிறைக்கு மாற்றினார்கள். நாளைக்குச் சிறையில் நான் செத்துக் கிடந்தால் அது தற்கொலை இல்லை, கொலை என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று நீதிமன்றத்தில் எழுந்து சொன்னார். 1899 ஜூன் 9 அன்றுதான் வெளியே வந்தார். கிட்டத்தட்ட பதினோரு மாதச் சிறை. 1900 டிசம்பரில் இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பொதுமன்னிப்பு என்று சட்டம் வந்தபோது அதை எதிர்த்தவர் அவர். போலி செய்தவனுக்கும், போலியைச் சொன்னவனுக்கும் ஒரே மன்னிப்பா என்பது அவர் வாதம்.

1906 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் த்ரேஃபுஸ் நிரபராதி என்று முடித்தது. மறுநாளே இருவரையும் ராணுவத்தில் திரும்ப எடுக்கச் சட்டம் வந்தது. பிக்காருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி, அதுவும் 1903-லிருந்து கணக்கிட்டு. அக்டோபரில் கிளெமான்சோ அமைச்சரவையில் போர் மந்திரி. தன்னைச் சிறையில் போட்ட அமைச்சகத்துக்கே மந்திரியாகப் போய் உட்கார்ந்தார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் உத்தியோகத்தில் இருந்தவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது: பணிமூப்பு. த்ரேஃபுஸுக்கு மேஜர் பதவி கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த தேதியிலிருந்துதான் கணக்கு. தீவில் கழித்த வருடங்கள் பணிமூப்பில் சேரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் இருந்தார்கள். மந்திரியான பிக்காரிடமே போய்க் கேட்டார். கிடைக்கவில்லை. 1907-ல் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தன்னுடைய இழந்த வருடங்களைத் திரும்பப் பெற்றவர், இன்னொருவரின் இழந்த வருடங்களைத் திருப்பித் தரவில்லை. நாற்காலி மாறினால் மனிதனும் மாறுகிறான். பாதுகாப்பை நல்ல மனிதர்களை நம்பி விடக்கூடாது, எழுதி வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எழுதியும் வைத்தார்கள், ஆனால் வேறொரு அவமானத்துக்குப் பிறகு. 1904-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒரு விஷயம் வெடித்தது. எந்த அதிகாரி கோயிலுக்குப் போகிறார், யார் பிள்ளைகள் பாதிரியார் பள்ளியில் படிக்கிறார்கள் என்று ரகசியத் துண்டுச் சீட்டுகள் சேர்த்து, அதை வைத்துப் பதவி உயர்வை நிறுத்தி வைத்திருந்தது போர் அமைச்சகம். இதைச் செய்தது த்ரேஃபுஸுக்கு ஆதரவாக நின்ற கட்சியின் ஆட்சி என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். போர் மந்திரி பதவி விலகினார். அடுத்த வருடம் ஏப்ரல் 22, 1905 அன்று வந்த நிதிச் சட்டத்தின் 65-வது பிரிவில் ஒரு விதி சேர்த்தார்கள். எந்த அரசு ஊழியரையும், சிவிலோ ராணுவமோ, தண்டிக்கும் முன், அவர் கேட்காமல் இடமாற்றும் முன், பணிமூப்பு உயர்வைத் தள்ளிப்போடும் முன், அவரைப் பற்றிய கோப்பில் உள்ள எல்லாவற்றையும் அவருக்குக் காட்டவேண்டும்.

இடமாறுதலைத் தண்டனையோடு ஒரே வரிசையில் வைத்தார்கள், பாருங்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அலுவலகம் எப்படி நடக்கும் என்பது தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் அந்த இடத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. எங்கள் காலத்தில் ரகசிய அறிக்கை என்றால் நிஜமாகவே ரகசியம். பாதகமாக எழுதினால்தான் தெரிவிப்பார்கள். மற்றபடி மேலதிகாரி என்ன எழுதினார் என்று பதவி உயர்வு கைநழுவிய பிறகுதான் ஊகிக்கமுடியும். 2008-ல் தேவ் தத் என்ற பொறியாளர் தொடுத்த வழக்கில்தான், நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரான்ஸின் விதிக்கும் இதற்கும் இடையே 103 வருடம். இடமாறுதல் நிர்வாகத்தின் உரிமைதான், ஆனால் தண்டனைக்குப் பதிலாக இடமாறுதல் போட்டால் அது செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் முறைகேட்டைச் சொல்பவருக்கான பாதுகாப்பு நமக்கு ஒரு உயிர் போன பிறகுதான் வந்தது. சத்யேந்திர துபே, பீகார்க்காரர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டின் கோடர்மா பகுதியில் வேலை. 2002 நவம்பரில், வேலையில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகப் போனது. எத்தனை மேசைகளைத் தாண்டியிருக்கும், எத்தனை பேர் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள் என்று டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2003 நவம்பர் 27, அவருடைய 30-வது பிறந்தநாள். அதிகாலையில் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று விசாரணை முடிந்தது. 2010-ல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ரகசியமாக வையுங்கள் என்று கேட்ட பெயர் காப்பாற்றப்படவில்லை என்பது மாறாது.

அதற்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் கேட்டதன் பேரில், 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். உறையை ஒட்டி, மேலே பொதுநலத் தகவல் தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று எழுதவேண்டும். அனுப்புநர் பெயரை உறைமேல் எழுதக்கூடாது, உள்ளே கடிதத்தில் மட்டும். பெற்றுக்கொண்டோம் என்று பதில்கூட வராது, அதுவும் பெயரைக் காப்பாற்றத்தான். உறைமேல் பெயர் எழுதாதே என்ற இந்தச் சின்ன விதிக்குப் பின்னால் துபேயின் கதை இருக்கிறது.

2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அதில் ஒரு நல்ல அம்சம், புகார் சொன்னவர்மேல் எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் தலையிலேயே வைத்தது. பிரான்ஸும் 2016-லும் 2022-லும் இயற்றிய சட்டங்களில் அதே வழியில் போயிருக்கிறது. ஆனால் நம் சட்டம் கெஜட்டில் வந்ததோடு நிற்கிறது. பத்து வருடம் கடந்தும் அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்படவில்லை. தேதி போடாத ஆணையை நாங்கள் ஆணை என்றே கணக்கில் எடுக்கமாட்டோம்.

பிரெஞ்சில் இப்படிச் சொல்பவருக்கு 'லான்சேர் தலேர்த்' என்று பெயர். எச்சரிக்கை மணி அடிப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் அலுவலகங்களில் இருந்த சொற்களை யோசித்துப் பார்த்தேன். போட்டுக்கொடுத்தான், கோள்மூட்டினான், மொட்டைக் கடுதாசி எழுதினான். மரியாதையான சொல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

எங்கள் கணக்கர் மூன்று வருடம் ஏனாமில் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த மஸ்டர் ரோலுக்குப் பணம் எப்போதோ பட்டுவாடா ஆகியிருந்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பார்த்தால் என்னிடம் நலம் விசாரிப்பார், நானும் விசாரிப்பேன். அந்த ஆணையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்லமுடியும். ஆணையில் ஒரு வரிகூடப் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கோப்பில் அவர் எழுதிய குறிப்புக்கு ஒரு தேதி இருந்தது, ஆணைக்கு ஒரு தேதி இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, இடையில் ஒன்பது நாள் என்று மட்டும் காட்டியிருந்தால் அதுவே மனு. மீதியை நிர்வாகம்தான் விளக்கவேண்டும். அந்த இரண்டு தேதிகளும் அன்று எனக்குத் தெரியும். ஆணையில் தேதியை அடித்தவனே நான்தான்.

நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சிலர் இன்று உத்தியோகத்தில் இருக்கிறார்கள். குறிப்பு எழுதினால் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள், ஒரு நகலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்காரர் அப்படி ஒரு குறிப்பு எழுதினால், அந்தத் தேதியையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.